குளிர்காலத்தில் வீட்டு பாய்லர் பழுதானால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பாய்லர் என்று சொல்வது, எரிவாயுவிலோ எண்ணெயிலோ எரிந்து, வீட்டின் அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்கும் சுடுநீர்க் குழாய்களுக்கும் வெப்பம் தரும் கருவியை. அது பெரும்பாலும் கடுங்குளிர் வாரத்தில்தான் நிற்கும். பழுதுபார்ப்பவர்களுக்கு மூச்சுவிட நேரமில்லாத வாரமும் அதுதான். ஆகவே, அவர் வருவதற்கு முன்பு வீட்டிலிருப்பவர் எதைக் கவனிக்கிறார், அதை எப்படி எடுத்துச் சொல்கிறார் என்பதைப் பொறுத்தே பல வீடுகளில் பழுது ஒரே வருகையில் தீர்வதும் வாரக்கணக்கில் இழுப்பதும் அமைகின்றன.

பழுதைப் பற்றி யோசிக்காமல் உடனே வெளியேற வேண்டிய நிலைமை எது?

எரிவாயு வாடை வந்தாலும், கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவுக்கான அலாரம் ஒலித்தாலும் வெளியேறிவிட வேண்டும். எரிவாயு வாடை வந்தால் மின்விளக்கைப் போடவும் கூடாது, எரிந்துகொண்டிருப்பதை அணைக்கவும் கூடாது; சுவிட்சில் எழும் சிறு பொறியே தீப்பிடிக்கப் போதுமானது. போகிற வழியில் கைக்கு எட்டினால் மீட்டருக்கு அருகிலுள்ள வால்வை மூடி, சன்னல்களைத் திறந்துவிட்டு, வெளியே வந்த பிறகே எரிவாயு அவசர எண்ணை அழைக்க வேண்டும்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் இணைவதால், சிறிதளவே நீண்ட நேரம் சுவாசித்தாலும் ஆபத்து. தலைவலி, தலைசுற்றல், குமட்டல் ஆகியவை வீட்டிலுள்ள பலருக்கும் ஒரே சமயத்தில் வந்து, வெளியே போனதும் குறைந்தால், அதைச் சளிக்காய்ச்சல் என்று எண்ணிப் போர்த்திப் படுத்துவிடக் கூடாது. பாய்லரின் சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாகத் தளர்ந்து எரிவதும், உறையைச் சுற்றிக் கரும்புகைக் கறை படிவதும் இதற்கான முன்னெச்சரிக்கைகள். அத்தகைய பாய்லரை, எவ்வளவு குளிராக இருந்தாலும், சோதித்துப் பார்க்கும் வரை மீண்டும் இயக்கக் கூடாது.

அப்படி ஆபத்து எதுவும் இல்லை, பாய்லர் வெறுமனே நின்றிருக்கிறது. ஆளை அழைக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் பாய்லருக்கு மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். எரிவது எரிவாயுவாக இருந்தாலும், மின்விசிறி, பம்ப், கட்டுப்பாட்டுப் பலகை எல்லாம் மின்சாரத்தில்தான் ஓடுகின்றன. ஃபியூஸ் போனாலோ பிரேக்கர் விழுந்தாலோ திரை இருண்டுவிடும். அடுத்து, அறையின் வெப்ப அளவைக் கட்டுப்படுத்தும், சுவரிலுள்ள தெர்மோஸ்டாட். கம்பியில்லாத வகையென்றால் அதன் பேட்டரி தீர்ந்திருக்கலாம். இந்தச் சின்ன பேட்டரிக்காக முழு வருகைக் கட்டணம் கொடுத்த வீடுகள் ஏராளம். மின்தடைக்குப் பிறகு டைமரின் கடிகாரம் தப்பாக ஓடுவதும், கோடையில் குறைத்து வைத்த வெப்ப அளவு அப்படியே கிடப்பதும் வழக்கமாக நடப்பவை.

பிறகு எரிபொருள். வீட்டில் எரிவாயு அடுப்பு இருந்தால் அதைப் பற்றவைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். முன்பணம் கட்டும் மீட்டரென்றால் இருப்பு தீர்ந்திருக்கலாம். சிலிண்டரில் ஓடும் பாய்லர் என்றால் உள்ளே இருக்கும் வாயு எது என்பதும் முக்கியம்: பியூட்டேன் கிட்டத்தட்ட 0 டிகிரி செல்சியஸிலேயே ஆவியாவதை நிறுத்திவிடும்; புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும். வெளியே வைத்த பியூட்டேன் சிலிண்டர் பாதி நிறைந்திருந்தும் உறைபனி இரவில் பாய்லர் அணைந்தால், பழுது பாய்லரில் இல்லை. எண்ணெய் பாய்லரில் தொட்டி ஒருமுறை வற்றிவிட்டால், நிரப்பிய பிறகும் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றினால்தான் எரியும். கடைசியாக, வெளிச்சுவரில் புகை வெளியேறும் வாயைப் பனி மூடியிருக்கிறதா என்று தரையில் நின்றபடியே ஒரு பார்வை பாருங்கள்.

ரீசெட் பொத்தானை எத்தனை முறை அழுத்தலாம்?

ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை, அதுவும் இடையில் சில நிமிடங்கள் விட்டு. பாய்லர் தன்னைத்தானே பூட்டிக்கொண்டு எரிய மறுப்பது ஏதோ ஒரு கோளாறைக் கண்டுபிடித்ததால்தான். காரணத்தைத் தீர்க்காமல் பொத்தானை அழுத்திக்கொண்டே இருப்பது எரியாத வாயுவைத் திரும்பத் திரும்ப உள்ளே விடுவதற்குச் சமம்.

அழுத்தமானியின் முள் 0-வில் நிற்கிறது. நானே நீர் நிரப்பலாமா?

நிரப்பலாம். உறையைத் திறக்காமல் வீட்டிலிருப்பவரே செய்யக்கூடிய வேலைகளில் இது முக்கியமானது. பாய்லர் ஆறியிருக்கும்போது அழுத்தம் 1 முதல் 1.5 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) வரை இருக்க வேண்டும். சூடேறும்போது 2 பார் அளவுக்கு உயர்வது இயல்பு. 1 பாருக்கு வெகுவாகக் கீழே போனால் பல பாய்லர்கள் எரிய மறுக்கும். பாய்லரை அணைத்து ஆறவிட்டு, கீழே குளிர்நீர்க் குழாயையும் வெப்பச் சுற்றையும் இணைக்கும் நிரப்பு வால்வை, கையேட்டில் சொன்னபடி மெல்லத் திறந்து, முள் 1.2 அல்லது 1.3-ஐத் தொட்டதும் மூடிவிட வேண்டும். இரண்டு வால்வுகள் இருந்தால் இரண்டையும் மூட வேண்டும். ஒன்றை மறந்தால் அழுத்தம் ஏறிக்கொண்டே போய், 3 பாரில் பாதுகாப்பு வால்வு திறந்து வெளியே நீரைக் கொட்டும்.

ஆண்டுக்கு ஓரிரு முறை நிரப்ப வேண்டியிருந்தால் கவலையில்லை. வாரந்தோறும் நிரப்ப வேண்டியிருந்தால் நீர் எங்கோ போகிறது. ரேடியேட்டர் வால்வுகளின் அடியில் பச்சையாகவோ துருவாகவோ கறை இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். எங்கும் ஈரமில்லாமல், சூடேறும்போது முள் 3-ஐ நெருங்குவதும் ஆறியதும் 0-வுக்கு விழுவதுமாக இருந்தால், சந்தேகம் விரிவுக் கலத்தின் மேல் விழும். நீர் சூடாகும்போது விரியும்; அந்தக் கூடுதல் கனஅளவை ஏற்றுக்கொள்ள, ரப்பர் சவ்வுக்கு மறுபுறம் காற்று அடைத்த ஒரு கலம் பாய்லரில் இருக்கிறது. காற்று இறங்கிவிட்டால் விரியும் நீருக்கு இடமில்லாமல், அது பாதுகாப்பு வால்வு வழியே வெளியேறிவிடும். இதைச் சரிசெய்வது பழுதுபார்ப்பவர் வேலை. ஆனால் முள் எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்பதை நீங்கள் சொன்னால் அவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

இரவெல்லாம் கடும் உறைபனி. காலையில் பாய்லர் களகளவென்று சத்தமிட்டு நின்றுவிட்டது. என்ன காரணம்?

இது அனேகமாக கண்டன்சேட் குழாய் உறைந்ததன் அடையாளம். குளிர்காலத்தில் நேரும் பாய்லர் கோளாறுகளில் ஆளில்லாமலே தீரக்கூடியவற்றில் இதுவும் ஒன்று என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

இன்றைய பாய்லர்கள் பெரும்பாலும் புகையிலுள்ள நீராவியைக் குளிரவைத்து அதன் வெப்பத்தையும் மீட்டெடுப்பவை. ரேடியேட்டர்களிலிருந்து திரும்பும் நீர் ஏறத்தாழ 55 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது புகையிலுள்ள ஆவி நீராக மாறத் தொடங்குகிறது. லேசான அமிலத்தன்மை கொண்ட அந்த நீர், மெல்லிய பிளாஸ்டிக் குழாய் வழியே கழிவுநீர் வழிக்குப் போகிறது. அந்தக் குழாய் வெளிச்சுவரில் ஓடினால், சொட்டுச் சொட்டாக வரும் நீர் வளைவுகளிலும் திறந்த முனையிலும் உறைந்து அடைத்துக்கொள்ளும். வெளியேற வழியில்லாத நீர் பாய்லருக்குள் திரும்பி நிரம்புவதே அந்தக் களகள ஒலி. உடனே பாய்லர் தன்னைப் பூட்டிக்கொள்கிறது.

குழாய் தரையில் நின்று எட்டும் உயரத்தில் இருந்தால் மட்டும் இதைச் செய்யலாம். பாய்லரை அணைத்துவிட்டு, குழாயைத் தொட்டுப் பார்த்து மிகவும் குளிர்ந்திருக்கும் வளைவையும் முனையையும் கண்டறியுங்கள். வெதுவெதுப்பான நீரை ஒரு குவளையால் மெதுவாக அதன்மேல் ஊற்றுங்கள். அல்லது வெந்நீர்ப் பையையோ சூடான நீரில் நனைத்துப் பிழிந்த துணியையோ சுற்றிப் பிடியுங்கள். கொதிநீர் கூடாது, குளிரில் இறுகிய பிளாஸ்டிக் வெடித்துவிடும். பனிக்கட்டி நெகிழ்ந்ததும் உள்ளே தேங்கிய நீர் சட்டென்று ஓடும் ஓசை கேட்கும். பிறகு ஒருமுறை ரீசெட் செய்தால் போதும். தரையில் சிந்திய நீர் சற்று நேரத்தில் உறைந்து வழுக்கும் என்பதை மறக்கக் கூடாது. குழாய் மாடி உயரத்தில் இருந்தால், பனியில் ஏணி வைத்து ஏறத் துணியாதீர்கள்.

இது ஒரே குளிர்காலத்தில் இரண்டாம் முறை நடந்தால், குழாய் போடப்பட்ட விதத்தில்தான் குறை. வெளியே ஓடும் நீளத்தைக் குறைத்து, அகலமான குழாயாக மாற்றி, நீர் தேங்காத சரிவு கொடுத்து, நனையாத உறையும் போட்டால் அது நிரந்தரமாகத் தீரும்.

குழாயில் சுடுநீர் வருகிறது, ரேடியேட்டர்கள் மட்டும் குளிர்ந்திருக்கின்றன. அல்லது நேர்மாறாக இருக்கிறது.

இரண்டுக்கும் ஒரே பாய்லர் நேரடியாகச் சூடாக்கும் காம்பி வகையில், நீரை எந்தப் பக்கம் அனுப்புவது என்று தீர்மானிப்பது டைவர்ட்டர் வால்வு. அது ஒரு பக்கமாகச் சிக்கிக்கொண்டால் இப்படி ஆகும். ரேடியேட்டர் வேண்டாமென்று அணைத்திருந்தும், சுடுநீர்க் குழாயைத் திறக்கும்போது ரேடியேட்டர் சூடாவதும் இதே வால்வின் வேலை. இதை நீங்கள் சரிசெய்ய முடியாது. ஆனால் தொலைபேசியில் இந்த அறிகுறியைத் துல்லியமாகச் சொன்னால், வருபவர் வால்வைக் கையோடு எடுத்துவர வாய்ப்பு உண்டு.

ஒன்றிரண்டு ரேடியேட்டர்கள் மட்டும் சூடாகவில்லை என்றால்?

அது பாய்லர் பழுது அல்ல. மேற்பாதி குளிர்ந்திருந்தால் காற்று அடைந்திருக்கிறது. வெப்பத்தை அணைத்து, மேல் மூலையிலுள்ள திருகைச் சாவியால் லேசாகத் திறந்து, ‘உஸ்’ என்ற சத்தம் நின்று நீர் எட்டிப்பார்த்ததும் மூடிவிடலாம். பிறகு அழுத்தத்தைச் சரிபாருங்கள். கீழ்ப்பாதி குளிர்ந்திருந்தால் உள்ளே கரும்படிவம் தேங்கியிருக்கிறது. முழுச் சுற்றையும் கழுவ வேண்டியிருக்கும்.

பழுதுபார்க்க யாரை அழைப்பது?

பாய்லர் உத்தரவாதக் காலத்தில் இருந்தால் முதல் அழைப்பு தயாரிப்பாளருக்கே போக வேண்டும். வேறொருவர் திறந்துவிட்டால் உத்தரவாதம் செல்லாமல் போகலாம். ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தமோ வீட்டுக் காப்பீட்டில் அவசரப் பழுதுப் பிரிவோ இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருப்பதையே மறந்து வெளியாளுக்குப் பணம் கொடுப்பவர்கள் உண்டு. இவை இல்லையென்றால், எரிவாயு வேலை செய்ய உங்கள் நாட்டுச் சட்டப்படி உரிமம் பெற்ற ஒருவரை அழைக்க வேண்டும். நல்ல பிளம்பர் என்பது மட்டும் போதாது. அவரது உரிமம் இந்த வகைக் கருவிக்கும் இந்த எரிபொருளுக்கும் பொருந்துகிறதா என்பதை அடையாள அட்டையில் பார்த்துக்கொள்ளலாம். கேட்பதில் கூச்சம் வேண்டாம். முறையாகத் தொழில் செய்பவர் கேட்காமலே காட்டுவார்.

தொலைபேசியில் என்ன சொன்னால் வேலை விரைவாக முடியும்?

“பாய்லர் வேலை செய்யவில்லை” என்பது எதையும் சொல்லாத வாக்கியம். பாய்லரின் தயாரிப்பு, மாடல், உறையின் அடியிலோ கதவின் உட்பக்கத்திலோ ஒட்டிய தகட்டிலுள்ள எண், ஏறத்தாழ எத்தனை ஆண்டு பழையது, திரையில் தெரியும் பிழைக் குறியீடு, அழுத்தமானி காட்டும் அளவு ஆகியவற்றை எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். குறியீட்டை ரீசெட் செய்யும் முன்பே படமெடுத்து வையுங்கள். ஒரே குறியீடு ஒவ்வொரு தயாரிப்பிலும் ஒவ்வொன்றைக் குறிக்கும் என்பதால் மாடலைச் சொல்லாமல் குறியீட்டை மட்டும் சொல்வதில் பயனில்லை.

நிற்பதற்குமுன் அது என்ன செய்தது என்பதுதான் இன்னும் முக்கியம். உதாரணமாக, “காலையில் விசிறி சுழல்கிறது, டிக் டிக் என்று பொறி தட்டும் ஒலி கேட்கிறது, சுடர் பிடித்து சில நொடிகளில் அணைகிறது, மூன்றாம் முறைக்குப் பின் பூட்டிக்கொள்கிறது” என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் மனம் நேரே சுடரை உணரும் மின்முனைக்குப் போகும். அது சுடர் வழியே பாயும் மிக நுண்ணிய மின்னோட்டத்தை வைத்தே சுடர் இருப்பதை அறிகிறது. கரி படிந்தால் எரிகிற சுடரையும் இல்லையென்று சொல்லிவிடும். விசிறியே சுழலவில்லை என்றால் வேறு திசை. கெட்டிலில் நீர் கொதிப்பது போன்ற சத்தமென்றால் வெப்பமாற்றியில் சுண்ணாம்போ கசடோ படிந்திருக்கிறது. தொலைபேசியிலேயே ஒரு சிறு காணொளி அனுப்ப முடிந்தால் இன்னும் நல்லது.

வீட்டில் கைக்குழந்தையோ முதியவரோ நோயாளியோ இருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வரிசையில் முன்னுரிமை தரும் வழக்கம் பல நிறுவனங்களில் உண்டு.

கட்டணத்தில் எதை முன்கூட்டியே கேட்டுத் தெளிவுபடுத்த வேண்டும்?

வருகைக் கட்டணத்தில் முதல் ஒரு மணி நேர வேலை அடங்குமா, இரவுக்கும் விடுமுறை நாளுக்கும் வேறு விகிதமா, உதிரிபாகம் இல்லாமல் திரும்பிப் போய் மறுநாள் வந்தால் இரண்டாம் வருகைக்கும் தர வேண்டுமா என்ற மூன்றையும் கேளுங்கள். சண்டைகள் பெரும்பாலும் மூன்றாவதில்தான் வருகின்றன. பாகம் மாற்றினால், கழற்றிய பழையதைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதும், ரசீதில் பாகத்தின் பெயரையும் உத்தரவாதத்தையும் எழுதச் சொல்வதும் நல்ல வழக்கம். சுடுநீர் தொட்டியில் மின்சூடாக்கி இருந்து, ஒரு இரவைச் சமாளிக்க முடியுமென்றால், நள்ளிரவு விகிதம் கொடுத்து அழைப்பதைவிடக் காலைவரை பொறுப்பதே மேல்.

உதிரிபாகம் வரச் சில நாளாகும் என்கிறார்கள். அதுவரை எப்படிச் சமாளிப்பது?

வீடு முழுவதையும் சூடாக்க முயலாமல் ஓர் அறையைத் தேர்ந்துகொள்ளுங்கள். வெயில் படும் அறை, வெளிச்சுவர் குறைந்த அறை நல்லது. கதவிடுக்கை அடைத்து, இருட்டியதும் திரைச்சீலையை இழுத்துவிட்டு, எல்லோரும் அங்கேயே இருப்பது உத்தமம். உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வீட்டு நல வழிகாட்டுதல், குளிர்ப் பருவத்தில் வீட்டுக்குள் 18 டிகிரியைப் பாதுகாப்பான குறைந்தபட்ச அளவாகக் குறிப்பிடுகிறது. குழந்தைகளுக்கும் முதியோருக்கும் அதற்கு மேலேயே தேவைப்படலாம். முதியவர் ஒருவர் நடுங்குவதை நிறுத்தி, பேச்சுக் குழறி, தூக்கக் கலக்கமாகத் தெரிந்தால், உடல்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போயிருக்கக்கூடும். அது மருத்துவ அவசரம்.

மின்சூடாக்கியை நேரடியாகச் சுவர் பிளக்கில் செருகுங்கள். நீட்டிப்புக் கம்பியில் செருகினால் கம்பி சூடேறி உருகக்கூடும். படுக்கை, திரை, உலரும் துணி ஆகியவற்றிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வைத்து, தூங்கும் முன் அணைத்துவிட வேண்டும். எரிவாயு அடுப்பையோ ஓவனையோ திறந்துவைத்து அறையைச் சூடாக்குவதும், கரியடுப்பையும் ஜெனரேட்டரையும் உள்ளே கொண்டுவருவதும் உயிரையே பறித்துவிடும்.

குழாய்களையும் காப்பாற்ற வேண்டும். நீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரிவதால் குழாய் பிளக்கும். உருகும்போதுதான் வீடு நனையும். பாத்திரம், கை கழுவும் தொட்டிகளின் கீழுள்ள அலமாரிக் கதவுகளைத் திறந்து வையுங்கள்; கடுங்குளிர் இரவில் வெளிச்சுவரை ஒட்டிய குழாயில் நூல்போல் நீரை ஓடவிடுங்கள்; வீட்டின் பிரதான நீர் வால்வு எங்கே இருக்கிறது, அது கையால் திரும்புகிறதா என்று இன்றே பார்த்துவையுங்கள். பல பாய்லர்களில் உறைவிலிருந்து காக்கும் தானியங்கி ஏற்பாடு உண்டு. மின்சாரத்தை முழுதாகத் துண்டித்தால் அதுவும் போய்விடும். எனவே பாதுகாப்புக் காரணமில்லாமல் இணைப்பைப் பிடுங்க வேண்டாம்.

வாடகை வீடு. யார் பொறுப்பு?

பல நாடுகளில் வெப்ப வசதியையும் சுடுநீரையும் சரியாக வைத்திருப்பது வீட்டு உரிமையாளரின் கடமை. தொலைபேசியில் சொன்னதோடு நிற்காமல், நின்ற நாள், நேரம், குறியீடு ஆகியவற்றைப் படத்துடன் எழுத்தில் அனுப்புங்கள். பழுது தீரும்வரை மின்சூடாக்கி தரும்படி கேளுங்கள். கோபத்தில் வாடகையை நிறுத்துவதும், ஒப்புதல் இல்லாமல் ஆளை வைத்துச் செய்துவிட்டுக் கழித்துக்கொள்வதும் சட்டச் சிக்கலில் போய் முடியலாம். முதலில் உள்ளூர் வாடகைதாரர் ஆலோசனை மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பழுதுபார்ப்பதா, புதிது வாங்குவதா?

வீட்டு பாய்லரின் ஆயுள் பொதுவாக 10 முதல் 15 ஆண்டுகள். விசிறி, மின்முனை, விரிவுக் கலம், டைவர்ட்டர் வால்வு போன்றவை போனால், பாகங்கள் விற்பனையில் இருக்கும் வரை பழுதுபார்ப்பதே அறிவுடைமை. பழைய பாய்லரில் முதன்மை வெப்பமாற்றி விரிசல் விட்டு ஒழுகினாலோ, தயாரிப்பாளர் பாகங்களை நிறுத்திவிட்டாலோ யோசிக்க வேண்டியதுதான். ஆனால் குளிரில் நடுங்கிக்கொண்டு எடுக்கும் முடிவுக்கு அவசரமே விலையாகிவிடும். “இனி இது தேறாது” என்று முதல் ஆளே சொன்னால், என்ன பாகம், ஏன் தேறாது என்பதை எழுதி வாங்கி, இன்னொருவரிடமும் கேளுங்கள். “பாதுகாப்பற்றது” என்று அவர் முத்திரையிட்டு அணைத்திருந்தால் மட்டும், இரண்டாம் கருத்து வரும்வரை அதைத் தொடக் கூடாது. புதிதாக மாற்றினாலும், ரேடியேட்டர்களிலுள்ள கரும்படிவத்தைக் கழுவாமல் இணைத்தால், புதிய பம்பும் அதே கசடில் சிக்கும்.

குளிர் வந்தவுடன்தான் ஏன் எல்லாம் கெடுகிறது?

கெடுவது முன்பே நடந்துவிடுகிறது. வெளியே தெரிவது குளிரில். கோடை முழுவதும் அசையாத பம்பும் வால்வும் இறுகிப்போகின்றன, காற்றிறங்கிய கலம் வேலையில்லாமல் கிடக்கிறது. கோடையிலும் மாதம் ஒருமுறை சில நிமிடங்கள் வெப்பத்தை ஓடவிடுவதும், குளிர் தொடங்குவதற்கு ஓரிரு மாதம் முன்பே ஆண்டுப் பராமரிப்பை முடிப்பதும் இதற்கு மருந்து. அப்போது ஆள் கிடைப்பது எளிது, பாகம் வரத் தாமதமானாலும் யாரும் நடுங்க வேண்டியதில்லை.

சரிசெய்து போன சில நாளில் அதே பழுது திரும்பியது. மீண்டும் பணம் கொடுக்க வேண்டுமா?

அதே குறியீடும் அதே அறிகுறியுமென்றால், செய்த வேலைக்கான உத்தரவாதத்தில் கட்டணமின்றி வந்து பார்க்கும்படி கேட்பது நியாயம். இதற்காகத்தான் ரசீதும் முதல் நாள் எடுத்த படமும் தேவைப்படுகின்றன. வேறு குறியீடு என்றால் அது வேறு பழுதாக இருக்கலாம், அல்லது முதல் பழுதின் மூலகாரணம் அப்படியே கிடக்கலாம். விரிவுக் கலம் இறங்கியிருக்க, வழிந்த பாதுகாப்பு வால்வை மட்டும் மாற்றிவிட்டுப் போவது இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. இரண்டாம் முறை வருபவரிடம் முதல் ரசீதைக் காட்டி, “எதை மாற்றினீர்கள்” என்பதோடு “அது ஏன் போனது” என்பதையும் கேளுங்கள்.